ஈயத்துக்கு மூன்று கோடு

மார்ச் 4, திங்கள்
என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். 29ஆம் தேதி கிளவ் பாக்ஸ் பேட்டரி குழுவுக்குப் போகிறது. காற்றே படாத அந்தக் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் என் சேர்மம் ஒரு நொடி தாங்காது. "மூணு வருஷம் பார்த்தாச்சும்மா. இருக்கிறத வெச்சு தீசிஸ் எழுதிடு." இருப்பது என்ன? ஒன்றும் வரவில்லை என்று இருநூறு பக்கம் எழுதவா?

மார்ச் 5
நான் கேட்பது டங்ஸ்டனுக்கும் ஈயத்துக்கும் நடுவே மூன்று பிணைப்பு, தாளில் வரைந்தால் மூன்று கோடு. அவ்வளவுதான். கார்பன் என்றால் கூப்பிட்டவுடன் மூன்றும் போடும். ஈயம் தடியன், ஒன்றைப் போட்டுவிட்டு வளைந்து உட்கார்ந்துகொள்ளும். வேறு ஆட்கள் வேறு கவசம் மாட்டி அதை நிமிர்த்தியிருக்கிறார்கள். நான் வடிவமைத்த கவசத்தோடு, ஈயத்தைச் சுற்றிக் கொழுகொழுவென்று ஒரு கார்பன் கூட்டத்தோடு, இன்னும் யாரும் பிடிக்கவில்லை. நான் பிடிப்பேன்.

மார்ச் 7, வியாழன்
ஒன்பதாவது முறை. வழக்கம்போல் பழுப்பு. பெட்ரோல் ஜாதிக் கரைப்பானான பென்டேன் ஊற்றி மூன்று தடவை கழுவினேன். அந்த அழுக்குக் கரைசலைக் கொட்டப்போகும் நேரத்தில் போன். கணவர்.
"சாவிய உள்ளயே வெச்சுப் பூட்டிட்டேன். வாசல்ல நிக்கிறேன். கொஞ்சம் வாயேன்."
வந்த கோபத்தில் கரைசலை ஒரு குப்பியில் ஊற்றி, பெட்டிக்குள் இருக்கும் ஃப்ரீசரில் திணித்துவிட்டு ஓடினேன்.

மார்ச் 8
மிஞ்சிய பொடியைக் காற்றுப் புகாத குப்பியில் அடைத்து எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே மெஷின் பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரே பார்வைதான் பார்த்தார். "இது படிகமா? சாம்பல். பாத்திரம் தேய்க்கலாம்."

மார்ச் 11
போனேன். வந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்
ஃப்ரீசரைக் காலி செய்யலாம் என்று திறந்தேன். அந்தக் குப்பி. அடியில் — ஐயோ — செம்பழுப்பு ஊசிகள்! பளபளவென்று!

என்ன மடத்தனம். கவசம் முழுக்க எண்ணெய் ஜாதி. பென்டேனில் கரையாமல் வேறு எதில் கரையும்? அதைச் செய்தவளே நான்தானே! அப்படியானால் எட்டு தடவையும்... எட்டு தடவையும் சரக்கைக் கழிவுப் பாட்டிலில் கொட்டிவிட்டு, அழுக்கைப் பத்திரமாக எடுத்துப்போய்ச் சோதித்திருக்கிறேன். அழ வேண்டியவள் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பொறு. இது ஒற்றைப் பிணைப்பாகவும் இருக்கலாம். ஈயத்திடம் கோணம் நூற்றுப் பத்துப் பாகை என்று வளைந்து வந்தால் ஒன்று. நூற்றெண்பதை ஒட்டி வந்தால் மூன்று.

மார்ச் 13
குப்பியை இறுக மூடி எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியார் மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. "எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே இத?" நாளை மாலை வரை மெஷின் ஓடும்.

மார்ச் 14, வியாழன்
177.4!!
ஏறக்குறைய நேர்கோடு. பிணைப்பின் நீளமும் ஒற்றைக்கு உரியதைவிட எவ்வளவோ குறைவு. மூணுதான். மூணேதான்! இறங்கும்போது படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன், இந்த வயதில். வீட்டில் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப சாவிய மறந்தவன் பேரையும் கட்டுரையில போடணும்ல?"

மார்ச் 15
மேடம் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு தடவ வந்தா அதிர்ஷ்டம். திரும்பச் செஞ்சு காட்டு" என்றார். நியாயம்தான். ஆனால் செய்து வைத்திருந்த கவசம் இன்னும் ஒரே முறைக்குத்தான் வரும். தவறினால் புதிதாகச் செய்ய இரண்டு மாதம். பெட்டி இருக்கப்போவது இரண்டு வாரம். இவ்வளவு பயமும் இவ்வளவு சந்தோஷமும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கின்றன?

மார்ச் 19
ஆரம்பித்தேன். போனை வெளியே மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். கழுவிய கரைசல் ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. ஃப்ரீசருக்குள் வைத்தாயிற்று. எட்டிப் பார்க்கக் கூடாது.

மார்ச் 20
எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 26
177.6.

மார்ச் 29, வெள்ளி
பத்து மணிக்குப் பேட்டரி குழுவிலிருந்து இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். நான் பெட்டியின் கையுறைகளுக்குள் முழங்கை வரை இருந்தேன், புதுக் கவசம் செய்துகொண்டு. கையை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாசலில் மேடத்தின் குரல் கேட்டது: "வண்டிய எடுத்துட்டுப் போங்கப்பா. பெட்டியில வேலை நடந்துட்டிருக்கு."
குப்பியை மூடி, அடுத்ததை எடுத்தேன்.