மீனம்மாளின் அட்டை

தொண்டி
24.1.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நீங்கள் பொங்கலுக்கு வராததில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

மாவட்டக் கண்காட்சிக்குப் பள்ளி நூலகத்துக்கான மென்பொருள் செய்கிறோம் என்று சொல்லியிருந்தேன். நான், என் வகுப்புத் தோழிகள் இராமலட்சுமி, ஜுனைதா, மீனம்மாள் என நால்வர். மீனம்மாள் போன வாரம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாள். 'புத்தகம் தேடும் பகுதி' என்று எழுதி, மூலையில் தன் பெயரும் போட்டு அவள் ஒட்டிய அட்டை, எங்கள் வேலைப் பலகையில் 'நடப்பவை' வரிசையிலேயே இருக்கிறது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் என்ன செய்வீர்கள்?

தங்கை செவ்வந்தி

சென்னை
29.1.2009

அன்புத் தங்கைக்கு,

மனம் கனத்துப்போனது. அவள் அம்மாவை ஒருமுறை போய்ப் பார்.

வேலையை நடத்த எந்த முறை நல்லது என்று எங்கள் குழுவிலும் தினமும் சண்டைதான். ஸ்க்ரம் என்ற முறையில் இரண்டு வாரம் ஒரு சுற்று. தினமும் காலையில் நின்றபடி, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சுற்று முடிந்ததும் பலகையைக் காலி செய்து, மிஞ்சியதை மறுபடி பங்கிடுவோம். கான்பான் என்ற முறையில் சுற்று இல்லை. ஒரே நேரத்தில் இத்தனை அட்டைதான் என்று வரம்பு மட்டும் உண்டு. ஒன்றை முடித்தவர் அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்வார்; அது ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் ஸ்க்ரமை எடுங்கள். அவள் வேலையை ஜுனைதா செய்யட்டும்.

அண்ணன் சேதுராமன்

தொண்டி
7.2.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபிக்காதீர்கள். கான்பானைத்தான் எடுத்தோம். அதில் மீனம்மாளின் அட்டையை யாரும் எடுக்க வேண்டியதில்லை. நான்கு அட்டை வரம்பு வைத்தோம். காலையில் நின்று பேசுவது பிடித்ததால் அதையும் சேர்த்துக்கொண்டோம். மூவரும் பேசிவிட்டுக் கலையப் போனால், "பொறுங்கடி, அவ முறை இருக்குல்ல" என்பாள் ஜுனைதா. சற்று நேரம் பேசாமல் நிற்போம்.

புதன்கிழமை நின்று பேசிவிட்டுத் திரும்பினால் மீனம்மாளின் அட்டை 'முடிந்தவை' வரிசையில் இருந்தது. கணினியில் போட்டுப் பார்த்தோம். புத்தகம் தேடும் பகுதி பிழையில்லாமல் ஓடியது. நாங்கள் யாரும் அதை எழுதவில்லை. எங்கள் கணினி ஆசிரியர் சதக் சார் கோப்பைப் பார்த்தார். அன்று காலை 9.14க்குச் சேமிக்கப்பட்டிருந்தது. அந்த நேரம் சாரும் நாங்களும் வட்டமாக நின்றிருந்தோம்.

நேற்று அடுத்த அட்டையும் 'நடப்பவை'க்கு வந்துவிட்டது. 'கண்காட்சியில் விளக்கிப் பேசுதல்.' நான் எடுக்க இருந்தது. மூலையில் மீனம்மாளின் எழுத்தில் அவள் பெயர்.

செவ்வந்தி

தொண்டி
21.2.2009

அன்புள்ள அண்ணனுக்கு,

கணினியில் நேரம் தப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சார் பார்த்துவிட்டார்; சரியாகத்தான் இருக்கிறது.

மீனம்மாளின் அம்மாவைப் பார்த்தேன். "எல்லாருக்கும் செத்தவுக கனவுல வாராக. இவ ஒருநாள் கூட வரலடி" என்றார்.

நீங்கள் சொன்ன ஸ்க்ரம் முறைப்படி பலகையைக் காலி செய்யலாம் என்று நான் சொன்னதும் ஜுனைதா அழுதாள். "அவ பாட்டுக்கு இருந்துட்டுப் போறா. உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். மீனம்மாளின் அம்மா சொன்னதைச் சொன்னேன். பிறகு முதல் அட்டையை ஜுனைதாவே எடுத்தாள்.

நேற்று மாலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வட்டமாக நின்றோம். மூவரும் பேசினோம். அவள் முறை வந்தபோது நான், "மீனா, சுற்று முடிஞ்சிருச்சு. கண்காட்சியில நானே பேசிக்கிறேன். நீ உங்கம்மாட்டப் போ" என்றேன்.

கடைசியாகப் போகிறவர்தான் விளக்கை அணைப்பது வழக்கம். அவளுக்காக விளக்கெரிய விட்டுவிட்டு மூவரும் வராந்தாவுக்கு வந்தோம். சதக் சார் பூட்டுவதற்காகக் கதவருகே போய் எட்டிப் பார்த்தார். உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.

செவ்வந்தி