எலி கடித்த கேசட்

ஜூலை 3, புதன்
சென்னையிலிருந்து மின்சார ரயிலில் மோனிகா என்றொரு பெண் வந்தாள். எல்லாரும் மறந்துபோன பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறாளாம். 1988 ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் காவடிக் குழு போட்ட கேசட் வேண்டும் என்று நேராக என் சைக்கிள் கடைக்கே வந்துவிட்டாள்.

"அதுல பாடினது நீங்கதான்னு டீக்கடையில சொன்னாங்க சார்."

டீக்கடைக்குச் சொன்னது யார்? நான்தான்.

"ஆங், நான்தாம்மா. ஆனா கேசட்டு இல்ல. எலி கடிச்சிடுச்சி" என்றேன்.

ஜூலை 4
எலியாவது ஒன்றாவது. பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பாடியது எங்கள் குழு வேடியப்பன். நான் பின்னால் நின்று ஜால்ரா தட்டி அரோகரா போட்டவன். அதையும் ஓர் இடத்தில் அவன் வரியை முடிக்கும் முன்பே போட்டுத் தொலைத்தேன். டேப் வீணாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்று அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, நான்தான் பாடினேன் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். அதாவது, அவன் செத்ததிலிருந்து. வந்து மறுக்கவா போகிறான்?

ஜூலை 9
மோனிகா பக்கத்து ஊரான பொதட்டூர்பேட்டையில் வேறு பிரதி கிடைக்குமா என்று வீடு வீடாகத் தேடுகிறாளாம். நிர்மலா சோறு போடும்போது, "எலிக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கட்டா?" என்கிறாள். கட்டியவளுக்குத் தெரியாமல் ஒரு பொய் சொல்ல முடிகிறதா?

ஜூலை 14, ஞாயிறு
வேடியப்பன் மனைவி பூவம்மாள் அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். மோனிகா அங்கேயும் போயிருக்கிறாள்.

"போட்டோ இருக்குதுண்ணா, கொரலு இல்ல. எப்படி இருந்துச்சின்னே மறந்துட்டேன். நீதான் பாடினேன்னு சொல்றாங்க. அவரு ஒரு வரியாவது பாடியிருப்பாரில்ல?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஜூலை 15
கொடுத்தால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஜூலை 21, ஞாயிறு
எலி திருப்பிக் கொடுத்துவிட்டது என்று மோனிகாவிடம் சொன்னேன். எந்த எலி என்று கேட்காமல் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். கெட்டிக்காரி.

பூவம்மாள் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். முதல் வரியிலேயே அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முழுக்க அவன்தாம்மா. நான் சொன்னது பொய்" என்றேன்.

இரண்டாவது பாட்டில் வந்தது என் அரோகரா, வரிக்கு நடுவே. வேடியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்து, அடக்கி, மேலே பாடினான். அவன் சிரித்தது எனக்கு நினைவே இல்லை.

"அந்தச் சிரிப்ப இன்னொரு தபா போடும்மா" என்றாள் பூவம்மாள்.

ஏழு தடவை போட்டார்கள். ஏழு தடவையும் என் தப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது தடவை நானே போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி
இணையத்தில் வந்துவிட்டது. நிர்மலா போனில் வாசித்தாள்: பாடியவர் வேடியப்பன். அவசர அரோகரா பச்சையப்பன். பூவம்மாள் சொல்லித்தான் மோனிகா என் பெயரைப் போட்டாளாம்.

டீக்கடைக்குப் போனேன். பால் பொங்கும் முன்பே எவனோ "அரோகரா" என்றான். கடையே சிரித்தது. நான் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.