ஆள் அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை

அண்ணே,

இன்று காலை செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைக்குள் குனிந்து நின்றேன். காற்றுத் திரும்பி, கீழே வயலிலிருந்து புதுச்சேற்று வாசனை மேலே வந்தது. உங்கள் ஊரில் உழவுக்கு எருமைகளை இறக்கிவிட்டார்கள். என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னய்யா, வேலைய விட்டுட்டு எங்க பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கங்காணி சத்தம் போட்டார். அவரிடம் என்னவென்று சொல்வது? உங்களைப் பற்றிச் சொன்னால் என் மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தாலும் இந்தத் தமிழ் எழுத்தை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை.

பதுளைக்கு இன்னும் ரயில் வராமல் பண்டாரவளையோடு நின்ற காலம் அது. கடல் தாண்டி நான் இந்த மலைக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சிங்களவர்களான உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வெள்ளைக்காரத் துரை சொன்னதுதான். சோம்பேறிகள், வேலைக்கு வணங்காதவர்கள், அதனால்தான் எங்களைக் கொண்டுவந்ததாகச் சொல்வார். அதைக் கேட்டால் எனக்குப் பெருமை பிடிபடாது. பத்து மணிக்கு மலையிலிருந்து பார்த்தால் நீங்களெல்லாம் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பீர்கள். "பாருடா, ராசா வீட்டுப் புள்ளைங்கள" என்று தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் எல்லாரும் சிரிப்போம். எங்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்பே நீங்கள் வயலில் இறங்கியிருப்பீர்கள் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்?

அப்போது என் பெண்டாட்டிக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை வரவில்லை. கம்பளியைக் கம்பில் கட்டி அவளைப் படுக்கவைத்து, நானும் மச்சானும் பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். குறுக்குவழி என்று உங்கள் வரப்பில் இறங்கினோம். மச்சான் வழுக்கி விழுந்து காலைப் பிசக்கிக்கொண்டான். அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் உழவைப் பாதியில் விட்டு ஓடிவந்தீர்கள். யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட மூன்று பேர். சேறு வழியும் காலோடு கம்பைத் தோளில் ஏற்றினீர்கள். "மல்லி, அழ வேணாம். நட" என்றீர்கள். மல்லி என்றால் உங்கள் மொழியில் தம்பி. பதுளைச் சந்தையில் வெற்றிலை விற்றுப் பழகிய தமிழ் உங்களுடையது. அன்றைக்கே மகள் பிறந்தாள், தாயும் பிழைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கூலி கொடுக்க வந்தேன். என் கையைத் தள்ளிவிட்டீர்கள். "காசு வேணாம். அறுப்புக்கு ஒரு நாள் வா." ஒருவர் வயலுக்கு மற்றவர் வந்து கைகொடுப்பது உங்கள் ஊர் வழக்கம். "கட்டாயம் வர்றேண்ணே" என்றேன்.

அறுப்பு வைத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தேயிலை காயவைக்கும் ஸ்டோருக்கு விறகு இறக்க என் பெயரைச் சொல்லித் தொலைத்தார் கங்காணி. முடியாது என்றிருக்கலாம். திட்டுதான் விழுந்திருக்கும். நான் என்ன செய்தேன்? பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முனியாண்டியைப் பிடித்து அனுப்பிவைத்தேன். அவன் எங்கள் ஊரில் நெல்லறுத்துப் பழகியவன், என்னைவிட இரண்டு மடங்கு அறுப்பான். தோட்டத்தில் அப்படித்தானே? ஒருவன் வராவிட்டால் இன்னொருவன், தலை குறையக்கூடாது, அவ்வளவுதான். நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று பூராவும் எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் முனியாண்டி வந்தான். "போய்யா, நீயும் ஒன் வேலையும்! எல போட்டு வயிறு முட்டச் சோறு போட்டாங்க. அருவாளக் கேட்டா குடுக்கவே மாட்டேன்னுட்டாரு. விருந்தாளியாட்டம் உக்காந்துட்டு வர்றேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

ஹாலிஎலச் சந்தியில் உங்களைக் கண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். ஓடிவந்து மறித்தேன்.

"நான் ஆள் கேட்டேனா? உன்னக் கேட்டேன். உன் பெண்டாட்டியத் தூக்க நான் ஆள் அனுப்பினேனா?"

பிறகு கொஞ்சம் தணிந்து எங்கள் மலையைக் காட்டினீர்கள். "அங்க எங்க அப்பா குரக்கன், உங்க கேப்பை, போட்டது. தொரை எடுத்தான். அப்புறம் ஆள், ஆள், ஆள். எல்லாம் உங்க ஆள். எனக்கு ரொம்பக் கோவம். ஒரு மனுசன் பெண்டாட்டிக்காக அழுதான். அன்னைக்குத்தான் கோவம் போச்சு. இப்ப நீயும் ஆள் அனுப்புற."

"அடுத்த அறுப்புக்கு நானே வர்றேண்ணே" என்றேன். "வா" என்று மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தீர்கள்.

மழையோடு உங்கள் ஊருக்குக் காய்ச்சல் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு நாளான பிறகுதான், சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். முகம் பார்க்கக்கூட வரவில்லை பாவி நான்.

அறுப்புக்கு வந்தேன். கங்காணியின் கூச்சலைக் காதில் வாங்கவில்லை. நான் யாரென்று அண்ணி கேட்டார். "அண்ணன் தூக்கிட்டுப் போனது என் பெண்டாட்டியத்தாங்க" என்று கையை நீட்டினேன். எவ்வளவு புரிந்ததோ, உள்ளே போய் உங்கள் அரிவாளை எடுத்துவந்து தந்தார். மத்தியானத்துக்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. சோம்பேறிகளாம்! துரை வந்து ஒரு மணி நேரம் அறுத்துக் காட்டட்டும்.

அதற்குப் பிறகு ஓர் அறுப்பையும் நான் விட்டதில்லை. மகளும் கூட வருகிறாள். உங்கள் பையன் என்னை மாமா என்கிறான். இப்போதெல்லாம் தோட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேட்கிறேன், பெண்டாட்டி பிள்ளைகளை விசாரிக்கிறேன். அதெல்லாம் நீங்கள் கொடுத்தது. ஆனால் அண்ணே, போன அறுப்பில் அண்ணி ஒன்று சொன்னார். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நான் ஆள் அனுப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, "மல்லி வரட்டும்" என்று யாரையும் அறுக்க விடாமல் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்களாம். தூரத்தில் முனியாண்டி தலை தெரிந்ததும், நான்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எதிரே ஓடினீர்களாம்.