வெள்ளவத்தையில் குற்றமே செய்யாதவர்கள்

பூஞ்சணம் பிடித்த பழைய கோப்பு ஒன்றைத் தட்டியபோது உன் கேள்வித்தாள் விழுந்தது. “கடந்த மாதம் நீங்கள் மீறிய சட்டம் எது?” அதே கோழிக் கிறுக்கல். நீ கண்ணை மூடி இரண்டு வருடம். அழுகைக்கு முன் சிரிப்புத்தான் வந்தது.

சண்டைக் காலத்துக் கொழும்பில், தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் வீடு வீடாகப் போய்க் கேட்கிற கேள்வியா அது? களனிப் பல்கலைக்கழகத்தில் நாம் குற்றவியல் படித்தபோது உனக்கு உதித்த யோசனை. மறியலில் அடைபட்டு இருப்பவர்களை எல்லாரும் ஆராய்கிறார்கள், அகப்படாதவர்களை நாம் ஆராய்வோம் என்றாய். நம் கையில் தாளும் பேனையும் கண்டதும், கேட்க முதலே சனம் அடையாள அட்டையையும், வீட்டில் யாரார் தங்கியிருக்கிறார்கள் என்ற பொலிஸ் பதிவையும் நீட்டியது. “நாங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை, பிள்ளை” என்று ஒரு மாமி தேத்தண்ணியும் தந்து அனுப்பினார். பதினொரு வீடு, ஒரு குற்றமும் இல்லை.

“இந்த ஒழுங்கை முழுக்கத் தெய்வங்களடி!” என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

யாரோ சொல்லிவிட்டார்கள். பின்னேரமே சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் உன் வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டார். அதில் என் பெயர் இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து உன்னோடு தங்கி மூன்று கிழமை; நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தோம். அதற்கே ஜீப்பில் ஏற்றுகிற நாட்கள் அவை.

“இவங்க யாரு?” என்றார்.

“பதியாமல் வைச்சிருக்கிறம், மாத்தயா. முதல் குற்றம் என்ர,” என்று நீ அவர் கண்முன்னே ஒரு தாளில் எழுதினாய். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, மற்றத் தாளை எடுத்தாய். “பேர் எழுதமாட்டம். நீங்கள் கடைசியா மீறின சட்டம் எது?”

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் பிடரியைச் சொறிந்தார்.

“சைக்கிள்ல லைட் இல்ல, நங்கி. ரெண்டு மாசம்.”

“ஏன்?”

“நாளைக்கு, நாளைக்கு சொல்லி...” என்னைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். “காலையில ஸ்டேஷனுக்கு வந்து பதியுங்க.”

விடிய ஆறு மணிக்கே அங்கே போய் நின்றோம்.

“கேக்கிறவள் முதல் தன்ர பிழையைச் சொல்லோணும்” என்றாய் வழியில். உன்னைப்போல ஒருத்தி எனக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. இன்று நான் மாணவர்களுக்கு அதே குற்றவியல் பாடம் எடுக்கிறேன். கோட்பாடுகள் எல்லாம் பிறகுதான். “நான் மூன்று கிழமை பதியாமல் இருந்தவள்” என்று தொடங்குவேன். வகுப்பு சிரிக்கும். பிறகு தங்கள் பிழையைச் சொல்ல ஒவ்வொரு கையாக உயரும்.