புளூபெர்ரிக்குச் சாம்பல்

ஸ்டவாங்கர், நார்வே

அன்புள்ள ஹலினா,

நீயும் என் அப்பாவும் நலம்தானே? பட்டறை ஏணியில் வழுக்கி எனக்கு இடது கை சுளுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். எழுத வலது கை போதும்.

ஊருக்கு வந்தபோது கிராகோவ் சந்தையில் நான் தேடி வாங்கி வைத்த குட்டை புளூபெர்ரிச் செடிகள் மஞ்சளாகிவிட்டனவே! அப்பாவைப் போனில் கேட்டால், "அடுப்புச் சாம்பல்தான்டா போட்டேன். தக்காளிக்கு ஆகுது, உன் செடிக்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்கிறார். அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும், சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிடும் என்று எத்தனை முறை கத்துவது?

மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு மழைநீர் ஊற்று. சாம்பல் வாளியை ஒளித்து வை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீ அனுப்பிய படத்தில் மஞ்சள் இலையைப் பிடித்திருக்கும் உன் விரல்கள் மட்டும்தான் தெரிகின்றன. அடுத்த படத்தில் செடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ இரு.

உன் ஸெனோன்