முப்பத்தெட்டாவது கேள்வி

மார்ச் 2

அன்புள்ள சகலைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே எப்படி? போனிலேயே பேசலாம்தான். பேசினால் நம் மனைவிமார், அக்காவும் தங்கையும், ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, நம் பேச்சைத் தங்கள் பேச்சாக்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

'ஒரே மாமனார்' அணி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது, சகலை! அறுநூறு பேர் இருக்கிற 'பொது அறிவுக் கூடம்' இணையக் குழுவில் மிஞ்சியது நான்கே அணிகள். போன வாரம் அந்தக் கால்பந்துக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியிராவிட்டால் நாம் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்போம். எனக்குப் பந்து உருண்டை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

இன்னொரு செய்தி. கேள்விகள் தயாரிக்கிற கணக்கு டீச்சர் நேற்றுத் தனியாக எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அவர்களோடு சேர்ந்து கேள்வி தயாரிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். மருந்துக் கடையில் முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதிய சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறவனுக்கு இது பெரிய விஷயம். வீட்டில் பெரியவளிடம் சொன்னேன். "சம்பளம் உண்டா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப சரி, உங்களுக்கு ஏத்த வேலைதான்" என்றாள். ஆனால் எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு நான்கு மணி. வழக்கம்போல நீங்கள் போனில் இருங்கள், நான் தட்டச்சு செய்கிறேன். லிஃப்டு ரிப்பேர் வேலையைக் காரணம் காட்டி நழுவிவிடாதீர்கள்.

அன்புடன்,
மூத்த சகலை

மார்ச் 9

அன்புள்ள சகலைக்கு,

நேற்று எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. உங்களிடம் சரியாகப் பேசக்கூட முடியவில்லை.

முப்பத்தெட்டாவது கேள்வியை நினைத்துப் பாருங்கள். லிஃப்டுக் கதவுக்கு மேலே மாடி எண்ணைக் காட்டும் முள்ளை முதலில் செய்தவர் யார்? கேள்வி வந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'நம்ம ஆள் தொழில்!' என்று நினைத்தேன். பத்து வினாடியில் நீங்கள் பெயரைச் சொன்னீர்கள். நான் அடித்தேன். மற்ற மூன்று அணிகளும் 'தெரியாது' என்று போட்டார்கள்.

பிறகுதான் டீச்சர் அந்தக் குண்டைப் போட்டார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாதாம். தன் பூனையின் பெயரோடு ஒரு வெளிநாட்டுப் பெயரை ஒட்டி, இணையத்தில் தானே ஒரு பக்கம் எழுதி வைத்தாராம். விதியை மீறித் தேடிப் பார்க்கிறவர்களைப் பிடிக்க வைத்த பொறியாம். அணி என் பெயரில்தான் பதிவாகியிருந்தது என்பதால் என்னை நீக்கிவிட்டார்கள். அறுநூறு பேர் பார்த்தார்கள்.

டீச்சர் ஏதோ ஒரு பழைய புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, மறந்துபோய், தானே உண்டாக்கியதாக நினைத்திருக்கலாம். நமக்கும் அப்படி நடப்பதில்லையா? நீங்கள் அந்தப் பெயரை எங்கே படித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். புத்தகத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது.

மூத்த சகலை

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கும் மனசே சரியில்லை. அந்தப் பெயரை லிஃப்டுப் பயிற்சிக் கூடத்தில் படித்த காலத்தில் எங்கோ பார்த்த ஞாபகம். தடித்த புத்தகம், பச்சை அட்டை. பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. என் குறிப்பு நோட்டுகள் வீடு மாறும்போது தொலைந்துபோயின.

விட்டுத் தள்ளுங்கள் அண்ணே. பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஆட்டம்தானே? இந்தக் கூடம் இல்லாவிட்டால் இன்னொரு கூடம்.

சின்னவள் உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இங்கே மருத்துவமனை லிஃப்டு ஒன்று உயிரை வாங்குகிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

இளைய சகலை

மார்ச் 20

அன்புள்ள சகலைக்கு,

விடத்தான் பார்த்தேன். முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார், இருபது வருஷ வாடிக்கை. அவரும் கூடத்தில் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத நீங்களா எடுத்தீங்களா, தேடிப் பாத்து எடுத்தீங்களா?" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போனபிறகு அவருடைய மருந்துச் சீட்டின் நகலை மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

நேற்றுக் கடையை அடைத்துவிட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், நீங்கள் படித்த பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். உங்கள் பெயரைச் சொன்னதும் நூலக அறையைத் திறந்துவிட்டார்கள். பச்சை அட்டையில் நான்கு புத்தகங்கள் இருந்தன. நான்கையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பிறகு சிவப்பு, நீலம் எல்லாவற்றையும் பார்த்தேன். பயிற்சி கொடுக்கிற பெரியவர் ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்றார். சொன்னேன்.

"ஐயா, அந்த முள்ள யாரு செஞ்சான்னு எங்க பாடத்துலயே கிடையாதுங்க. அது ஓடுதா, நின்னுபோச்சா, அத மட்டுந்தான் நாங்க பாப்போம்" என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். உங்களை விசாரித்தார். கைவேலை சுத்தமாக இருக்கும் என்றார்.

பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். டீச்சருக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 'என் சகலை பொய் சொல்கிறவர் இல்லை' என்றும் எழுதினேன்.

மூத்த சகலை

மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாளாக உங்கள் கடிதத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

புத்தகம் இல்லை அண்ணே. பச்சை அட்டையும் இல்லை. இணையத்தில் தேடித்தான் பார்த்தேன். உங்களோடு ஒரு போனில் பேசிக்கொண்டே சின்னவள் போனில் தேடினேன்.

நாற்பது கேள்வி வந்தால் முப்பத்தைந்துக்கு நீங்கள் பதில் சொல்வீர்கள். மிச்சம் பந்தும் மட்டையும் எனக்கு. மாமனார் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், "பெரிய மாப்பிள்ளையக் கேளுங்க, அவருக்குத் தெரியும்" என்பார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று என் தொழிலில் ஒரே ஒரு கேள்வி வந்தது. மறுமுனையில் நீங்கள் சிரிப்பது கேட்டது. பதினெட்டு வருஷமாக லிஃப்டுக் குழியில் நிற்கிறவனுக்குத் தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து பக்கம் புரட்டியதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி நடந்ததை எழுதிவிட்டேன். டீச்சருக்கும் தனியாக எழுதினேன். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

இளைய சகலை

ஏப்ரல் 12

அன்புள்ள சகலைக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கடையில் ஆண்டுக் கையிருப்புக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் போன் செய்தார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள், திரும்ப வரச் சொன்னார்கள். போகிறேன். கேள்வி தயாரிக்கிற வேலைக்கு வேறு ஒருவரை ஏற்கெனவே அமர்த்திவிட்டார்கள். அது நியாயம்தான். அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார முடியாது.

நீங்கள் கூடத்தில் எழுதியதை டீச்சர் அனுப்பியிருந்தார்கள், படித்தேன். அதற்குத் தைரியம் வேண்டும். திட்டச் சொல்கிறீர்கள். எனக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று நீங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால், போனில் எழுத்துத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டக் டக்கென்று, தெளிவாகவே கேட்டது. சின்னவள் ஏதோ செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படியே நினைத்துக்கொண்டேன். கேட்டதை நம்பாமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய்ப் புத்தகம் தேடினேன். ஆகவே தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டும் விடையை அனுப்பியது என் விரல்தான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்கள் இருவருக்கும் இது தெரிய வேண்டாம். எப்போதும்போல வாருங்கள், சாப்பிடுங்கள். மழையைப் பற்றிப் பேசுவோம்.

நேற்றுப் பெரியவள், "அவங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை வர்றாங்களாம். உங்க சகலையே போன் பண்ணிச் சொன்னாரு" என்றாள். "சின்னவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. எதற்கு என்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்படிக்கு,
பெரியவளின் கணவன்