நேரம் பிசகாத மணிக்கூடு

என் அருமை மச்சான் யோசேப்பு,

உன் மணிக்கூடு நின்றுவிட்டது. பழுது ஒன்றும் இல்லை. கட்டியவன் கை அசைந்தால்தான் அது ஓடும். என் தங்கை ஸ்ரெல்லா அதை அலுமாரியில் உன் வெள்ளைச் சேட்டின் மேல் வைத்துப் பூட்டிவிட்டாள். எடுத்துக் கட்ட எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

முள்ளியவளையில் மழை தொடங்கிவிட்டது. கொட்டிலின் கிழக்குப் பக்கம் இன்னும் ஒழுகுகிறது. நீ கூரை மேயச் சொன்ன கிடுகு அப்படியே கிடக்கிறது.

கடலுக்குப் போக வழியில்லை, எண்ணெயும் இல்லை என்றானபின் படகின் எஞ்சினை விற்றாய். நெஞ்சு வருத்தத்துக்கு வவுனியாவுக்குத்தான் போகவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதில் ஒரு நல்ல மணிக்கூடு வாங்கப்போவதாகச் சொன்னாய்.

"வருத்தக்காரனுக்குச் சுவிஸ் மணிக்கூடு கேக்குதோ?" என்றாள் ஸ்ரெல்லா.

"கடலிலை விடிவெள்ளியைப் பாத்து நேரம் சொன்னனான். ஆஸ்பத்திரிக் கூரைக்குள்ளாலை வெள்ளி தெரியுமோடி?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றுதான்.

சந்தையடியில் மணிக்கூடு திருத்துபவரின் கண்ணாடிப் பெட்டிக்குள், இடம்பெயர்ந்த சனம் விற்ற மணிக்கூடுகள் கிடந்தன. எல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியவை. அவர் முதலில் மெல்லிய தங்க நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். விலை நம்ப முடியாத மலிவு.

"பற்றரியோ?" என்று கேட்டாய்.

"ஓம். நல்ல சாமான்."

"பற்றரியை ஆமிக்காரர் சோதனைச் சாவடியாலை விடுறாங்களே? அப்ப இது காப்பு. பொம்பிளையளுக்குக் காட்டுங்கோ."

அடுத்தது புதிது போல மின்னியது. அதன் முகத்தில் பூச்சு அடித்திருப்பதைக் கண்டுபிடித்தாய். பின்மூடியைத் திறக்கச் சொன்னாய். உள்ளே விளிம்பெல்லாம் துரு. "இது எங்களைப் போலை பங்கருக்குள்ளை இருந்திருக்கு" என்றாய். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாவதின் கண்ணாடி முழுக்கக் கீறல். வாரும் அறுந்திருந்தது. நான் வேண்டாம் என்றேன். நீ உள்ளே பார்த்தாய், காதில் வைத்துக் கேட்டாய்.

"மச்சான், நீ பேப்பருக்கு எழுதிறவன், முகத்தைப் பாக்கிறாய். கீறலைப் பற்பசை போட்டுத் தேய்க்கலாம். வாரை மாத்தலாம். உள்ளுக்கு உப்புப் பிடிச்சால்தான் ஒண்டும் செய்யேலாது. வள்ளம் வாங்கிறவனுக்கு இது தெரியாதே?"

வேறு வார் போட்டுப் பின்னேரம் வரை கட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு தருவேன் என்றாய். வீட்டில் நான் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றினேன். டைனமோவில் வானொலி பாடியது. இந்திய வானொலியின் மணி ஒலியும் உன் முள்ளும் ஒன்றாக விழுந்தன. "பாத்தியே, ஒரு நொடி பிசகேல்லை!" என்றாய். எனக்குக் கை உளைந்தது. உனக்கோ கல்யாண வீட்டு முகம்.

நோயாளர் வாகனம் ஆறரைக்கு வெளிக்கிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்று காலை உன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தபோது உன் மணிக்கூட்டில் ஆறு இருபது. முற்றம் வெறுமையாகக் கிடந்தது.

"வாகனம் போயிட்டுது, ஐயா" என்றார் வாசல்காரர்.

"இன்னும் பத்து நிமிசம் கிடக்கே?" கையை நீட்டிக் காட்டினாய்.

"அது பழைய நேரமெல்லே. சாவடி திறக்கிறது புது நேரத்துக்கு."

அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளி வைத்தது. இயக்கத்தின் கையில் இருக்கும் நம் பக்கம் தள்ளவில்லை. நம் சந்தைக்கும் கோயில் மணிக்கும் ஒரு நேரம், சாவடிக்கு அதைவிட அரை மணி முன்னால் ஓடும் நேரம். இது ஊரெல்லாம் அறிந்ததுதான். ஆனாலும் நேரம் சொல்கிறவர் எதைச் சொல்கிறார் என்று கேட்க எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது?

நீ ஏசவில்லை. மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தாய். "ஓடுது, மச்சான்" என்றாய். அவ்வளவுதான். மறுபடி அனுமதி எடுத்து அடுத்த வாகனம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நான் தலை நரைக்கும் வரை செய்தி எழுதியவன். உன் சாவை எழுத முடியவில்லை. வாகனம் நேரத்துக்குப் போனது. மணிக்கூடும் சரியாகவே ஓடியது. நீ நேரத்துக்கு முன்னமே வந்தாய். இதில் யார் பிழை என்று எழுதுவது?

போன கிழமை உன் மகள் அனிற்றா கேட்டாள்: "மாமா, வவுனியாவுக்குப் படிக்கப் போகேக்கை அப்பான்ரை மணிக்கூட்டைக் கட்டட்டே? அரை மணி முன்னுக்கு வைக்கோணுமே?" நீ என்ன சொல்லியிருப்பாய்?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். இனி நான் எழுதும் ஒவ்வொரு செய்தியிலும், பூசையோ வாகனமோ, மணிக்குப் பக்கத்தில் பழையதா புதியதா என்று எழுதுவேன். ஆசிரியர் வெட்டினால் மறுபடி எழுதுவேன். அதனால் நீ அந்த வாகனத்தில் ஏறப்போவதில்லை. தெரியும். ஆனாலும் எழுதுவேன்.

ஸ்ரெல்லாவின் அண்ணன்,
உன்னைச் சைக்கிளில் திருப்பிக் கொண்டுவந்த மச்சான்.